புனித தெமேத்திரியு தேவாலயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத்தின் தெசலோனிக்கா நகரில் இருக்கும் புனித தெமேத்திரியு பேராலயத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். அதோடு அதே இரத்தசாட்சியின் பெயரில் பல்கேரியாவிலும் ரஷ்யாவிலும் வேறு இடங்களிலும் எழுந்த ஆர்த்தடாக்ஸ் கோயில்களையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்ட நாடுகள் எல்லாம் இவரைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடியிருக்கின்றன. அந்த உரிமைக் கதை தெரியாமல் இந்தக் கோயில்களைப் பார்த்தால் கல்லும் சுவரும் மட்டும்தான் தெரியும்.

தெமேத்திரியு என்பவர் யார்?

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களுக்கு எதிரான ரோமப் பேரரசின் கடைசிப் பெரும் கொடுமையின்போது கொல்லப்பட்டவர். கி.பி. 306 வாக்கில் என்று மரபு சொல்கிறது. தெசலோனிக்காவில் உயர்குடியில் பிறந்து, படையில் அதிகாரியாக இருந்து, வெளிப்படையாகக் கிறிஸ்துவை அறிவித்ததால் பிடிபட்டார். அப்போது பேரரசர் கலேரியு அந்த நகரத்தில் இருந்தார். அவருடைய நினைவு வளைவு இன்றைக்கும் அங்கே கடைத்தெருவுக்கு நடுவில் நிற்கிறது.

கைதியை விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த பொதுக் குளியல் கூடத்தில் அடைத்து வைத்தார்கள். அரங்கத்தில் லியாயு என்ற மல்லன் பேரரசருக்குப் பிரியமானவன். எதிர்த்து வந்தவர்களை எல்லாம் கொன்றுகொண்டிருந்தான். நெஸ்தோர் என்ற கிறிஸ்தவ இளைஞன் சிறைக்கு வந்து தெமேத்திரியுவிடம் ஆசி வாங்கிக்கொண்டு போய் லியாயுவை வீழ்த்திவிட்டான். ஆத்திரமடைந்த பேரரசர் நெஸ்தோரின் தலையை வெட்டச் சொன்னார். ஆசி கொடுத்தவரையும் அந்தக் குளியல் கூடத்திலேயே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கோயில் நிற்பது அந்தக் குளியல் கூடத்தின் மேல்தான்.

பைபிளில் வரும் தெமேத்திரியுவா இவர்?

இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலுக்கு எதிராகக் கலகம் மூட்டும் எபேசு பட்டணத்துத் தட்டானும், யோவானின் மூன்றாம் நிருபத்தில் நற்சாட்சி பெற்ற தேமேத்திரியுவும் வேறு ஆட்கள். இவர் அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். ஆனால் நகரம் நமக்குத் தெரிந்த நகரம்தான். பவுல் இரண்டு நிருபங்கள் எழுதினாரே, அதே தெசலோனிக்கேயரின் ஊர்.

அவர் உண்மையிலேயே தெசலோனிக்காவில்தான் இறந்தாரா?

ஆய்வாளர்களிடையே நீண்ட காலமாக ஓடும் விவாதம் இது. மிகப் பழைய இரத்தசாட்சிப் பட்டியல்களில் சிர்மியம் என்ற ஊரைச் சேர்ந்த தெமேத்திரியு என்ற திருத்தொண்டர் ஒருவர் ஏப்ரல் 9ஆம் தேதியில் வருகிறார். சிர்மியம் என்பது இன்றைய செர்பியாவின் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவித்சா. அந்தப் பெயரிலேயே 'தெமேத்திரியு' ஒளிந்திருக்கிறது. அது அந்தக் காலத்தில் பெரிய ரோம நகரம். 441இல் ஹூணர்கள் அதை அழித்தார்கள். மாகாண ஆட்சி தெற்கே தெசலோனிக்காவுக்கு நகர்ந்தபோது வழிபாடும் கூடவே வந்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. இரண்டு ஊர்களிலும் தொடர்பு இருந்ததால் ஒரே ஆளின் நினைவு இரண்டு இடங்களிலும் தங்கியது என்பது இன்னொரு தரப்பு.

என் கருத்தைக் கேட்டால், இந்த விவாதத்தால் கோயிலின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நகரம் தன் பயத்தையும் நன்றியையும் இந்த இடத்தில்தான் கொட்டியிருக்கிறது. அதற்குச் சான்று வேண்டிய மட்டும் இருக்கிறது.

முதல் கோயிலை யார் கட்டினார்கள்?

முதலில் குளியல் கூட இடிபாட்டில் ஒரு சின்ன வழிபாட்டு வீடு இருந்தது. அப்புறம் ரோமப் பேரரசின் தென்கிழக்கு ஐரோப்பியப் பகுதியான இல்லிரியாவின் ஆளுநர் லியோந்தியு, தன் நோய் தீர்ந்த நன்றியில், 5ஆம் நூற்றாண்டில் பெரிய பசிலிக்காவை எழுப்பினார் என்பது மரபு. நடுக்கூடமும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பக்கக்கூடங்களுமாக, மொத்தம் ஐந்து நீள்கூடங்கள். 620 வாக்கில் அது தீயில் எரிந்தது. உடனே பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள்.

உள்ளே இன்றைக்கு இல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நடுக்கூடத்தில் வெள்ளியால் செய்த ஆறுபக்க மண்டபம் ஒன்று இருந்தது. புனிதர் அதற்குள்தான் குடியிருக்கிறார் என்று மக்கள் நம்பினார்கள். கதவைத் திறந்து உள்ளே போய் வேண்டிக்கொள்வார்கள்.

அவருடைய உடல் எங்கே இருக்கிறது?

6ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசின்) அரசர் மௌரீசு, புனிதரின் திருப்பண்டத்தில், அதாவது உடலின் எச்சத்தில், ஒரு பகுதியை அனுப்பும்படி கேட்டு எழுதினார். பேராயர் யூசேபியு மறுத்துவிட்டார். உடல் எங்கே புதைந்திருக்கிறது என்பது எங்களுக்கே தெரியாது, முன்பு தோண்டிப் பார்த்தவர்களை நெருப்பு விரட்டியது என்று பதில் போனது. தலைநகரம் கேட்டும் கொடுக்காத ஊர்!

சில நூற்றாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறுகிறது. 11ஆம் நூற்றாண்டு முதல் கல்லறையிலிருந்து நறுமணத் தைலம் சுரந்ததாகக் குறிப்புகள் வருகின்றன. கிரேக்கர்கள் அதை 'மீரோன்' என்பார்கள். புனிதருக்கு 'மீரோவ்லீத்திஸ்', அதாவது தைலம் சுரப்பவர் என்றே பட்டம் வந்துவிட்டது. யாத்திரிகர்கள் அதைச் சின்ன ஈயக் குப்பிகளில் வாங்கிப் போனார்கள். அந்தக் குப்பிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1040இல் பல்கேரியக் கிளர்ச்சிப்படை நகரத்தை முற்றுகையிட்டபோது, நகரத்தார் இரவெல்லாம் கல்லறையில் வேண்டி, அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே பாய்ந்து வென்றார்கள் என்று பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கிலித்ஸெஸ் எழுதியிருக்கிறார்.

இடையில் திருப்பண்டங்கள் இத்தாலியில் சான் லொரென்சோ இன் காம்போ என்ற சிற்றூரின் மடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1978இலும் 1980இலும் கத்தோலிக்கத் திருச்சபை அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. இப்போது கோயிலின் வடபக்கம் வெள்ளிப் பேழையில் இருக்கின்றன.

நகரத்துக்கும் அவருக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்?

முற்றுகைகள்தான் காரணம். 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அவார்கள் என்ற நாடோடிப் படையினரும் ஸ்லாவியர்களும் திரும்பத் திரும்ப மதிலைச் சூழ்ந்தார்கள். பேரரசின் படை தூரத்தில் இருந்தது. மதில் மேல் வெண்ணிற மேலங்கியோடு நின்று எதிரிகளைத் தள்ளிவிட்டவர் தெமேத்திரியு என்று நகரம் நம்பியது. இந்தக் கதைகளை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராயர் யோவான் தொகுத்தார். பின்னால் வேறொருவர் சேர்த்து எழுதினார். ஸ்லாவிய மக்கள் பால்கனில், அதாவது தென்கிழக்கு ஐரோப்பாவில், எப்படிக் குடியேறினார்கள் என்று அறிய வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் புரட்டுவது இந்த அற்புதக் கதைகளைத்தான். வேண்டுதலுக்காக எழுதியது வரலாற்றுக்கு மூலமாகிவிட்டது.

அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முற்றுகைக் காலத்தில் ஒரு பெரிய மனிதர் கோயிலில் காட்சி காண்கிறார். இரண்டு தேவதூதர்கள் வந்து வெள்ளி மண்டபத்தின் கதவைத் தட்டுகிறார்கள். நகரம் விழப்போகிறது, நீ வெளியேறி வந்துவிடு என்பது ஆண்டவரின் கட்டளை என்கிறார்கள். தெமேத்திரியு தலைகுனிந்து அழுகிறார். ஆனால் வர மறுக்கிறார். இந்த மக்களோடுதான் வாழ்ந்தேன், அவர்கள் அழிந்தால் நானும் அழிவேன், பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பல்கேரியாவில் ஏன் இவர் பெயரில் கோயில்?

1185 ஆகஸ்டில் சிசிலியின் நார்மானியர்கள் தெசலோனிக்காவைப் பிடித்துச் சூறையாடினார்கள். பேராலயமும் தப்பவில்லை. பேராயர் யூஸ்தாத்தியு நேரில் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். விட்டுப் போக மாட்டேன் என்று சொன்ன காவலர் இந்த முறை காக்கவில்லை. அந்த அதிர்ச்சி பால்கன் முழுக்கப் பரவியது.

அதே சமயம் பேரரசர் இரண்டாம் ஈசாக்கு தன் திருமணச் செலவுக்குப் போட்ட வரியால் பல்கேரியர்களும் விலாக்குகள் என்ற பால்கன் மக்களும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பல்கேரியாவின் தெர்னோவோ நகரில் பேதுரு, அசேன் என்ற சகோதரர்கள் தெமேத்திரியுவுக்கு ஒரு கோயில் கட்டி மக்களைக் கூட்டினார்கள். அருள் வந்து ஆடுகிறவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதாக பைசாந்திய எழுத்தாளர் நிக்கேத்தாஸ் கோனியாத்தெஸ் சொல்கிறார். தெமேத்திரியு தெசலோனிக்காவை விட்டுவிட்டார், கிரேக்கர்களோடு இனி இருக்க மாட்டார், நமக்கு உதவ இங்கே வந்துவிட்டார் என்று அவர்கள் முழங்கினார்கள். கிளர்ச்சி வென்றது. இரண்டாம் பல்கேரியப் பேரரசு பிறந்தது.

தூதர்கள் அழைத்தும் போகாத புனிதர் இப்போது தானாகவே கிளம்பி வந்துவிட்டார் என்கிறார்கள்! கோனியாத்தெஸ் இதை வெறுப்போடுதான் எழுதுகிறார். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற உழவனுக்கு அது எவ்வளவு பெரிய தைரியமாக இருந்திருக்கும்! பேரரசின் பக்கம் இருந்த தெய்வத்துணை நம் பக்கம் வந்துவிட்டது என்று அவன் நம்பினான்.

கிரேக்கர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். அந்தச் சகோதரர்களின் தம்பியான காலொயான் பின்னாளில் அரசராகி, 1207இல் தெசலோனிக்காவை முற்றுகையிட்டபோது மதிலுக்கு வெளியே திடீரென்று இறந்தார். தெமேத்திரியுவே ஈட்டியால் குத்தினார் என்று நகரத்தார் சொன்னார்கள். குதிரை மேல் இருக்கும் புனிதர் கீழே கிடப்பவரை ஈட்டியால் குத்தும் திருவோவியங்களில், கிடப்பவர் பல இடங்களில் இந்தக் காலொயான்தான்.

தெர்னோவோவின் கோயில் யந்த்ரா ஆற்றங்கரையில் திரபெசித்சா குன்றின் அடியில் இருக்கிறது. நூற்றாண்டுகளில் சிதைந்து, 1913 நிலநடுக்கத்தில் மேலும் இடிந்து, கிளர்ச்சியின் 800ஆம் ஆண்டான 1985இல் மீட்டெழுப்பப்பட்டது. நிற்பதில் பெரும்பகுதி புதுசு என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

ரஷ்யாவின் விளாதிமிர் நகரக் கோயிலுக்கு என்ன சிறப்பு?

சிற்பம். வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம். பெரிய இளவரசர் மூன்றாம் விசெவொலொதுக்குத் திருமுழுக்குப் பெயர் திமித்ரி; தெமேத்திரியு என்பதன் ரஷ்ய வடிவம் அது. தன் பெயர்ப் புனிதருக்காக 1194 முதல் 1197 வரை வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் ஒற்றைக் குவிமாடத்தோடு கட்டினார். அவர் பிறந்த மகிழ்ச்சியில் அவருடைய தந்தை 1154இல் ஏற்கெனவே மாஸ்கோவுக்கு வடக்கே திமித்ரோவ் என்று ஓர் ஊரையே உண்டாக்கியிருந்தார்.

சுவரில் சுமார் 600 புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. நடுவில் தாவீது ராஜா அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் சிங்கங்கள், பறவைகள், கழுகுத்தலைச் சிங்கங்கள், குதிரை வீரர்கள். தெற்குச் சுவரில் மகா அலெக்சாந்தர் வானத்துக்கு ஏறுகிறார். வடக்குச் சுவரில் விசெவொலொது தன் மகன்களோடு. ஆர்த்தடாக்ஸ் கோயில் என்றால் ஓவியம்தான், சிற்பம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தச் சுவர் முன்னால் அப்படியே நின்றுவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் சுற்றியிருந்த தாழ்வாரங்களையும் படிக்கட்டுக் கோபுரங்களையும் இடித்துவிட்டார்கள். பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி பழையதையே இடித்தது மன வருத்தம் தருகிறது.

1197இல் தெசலோனிக்காவிலிருந்து இங்கே ஒரு திருவோவியம் வந்தது. புனிதரின் கல்லறைப் பலகையில் தீட்டியது என்பது நம்பிக்கை. அதன் கதை மாஸ்கோவின் கிரெம்ளினில் முடிகிறது. குலிக்கோவோ போரில் மங்கோலியரை எதிர்த்த திமித்ரி தோன்ஸ்கோய் அதைத் தன் தலைநகருக்குக் கொண்டுபோனார். அவரும் இதே பெயர்க்காரர்தான். அக்டோபர் 26க்கு முந்தைய சனிக்கிழமையை ரஷ்யர்கள் இறந்தவர்களின் நினைவுநாளாக வைத்திருப்பதும் அந்தப் போரோடு சேர்த்துச் சொல்லப்படுவதே.

தெசலோனிக்கா கோயில் மசூதியாக இருந்ததா?

ஆமாம். 1430இல் ஒத்தோமானியத் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் முராத் நகரத்தைப் பிடித்தார். ஆனாலும் கோயில் கிறிஸ்தவர்களிடமே 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1481இல் இறந்த லூக்கா ஸ்பந்தூனிஸ் என்ற செல்வந்தரின் பளிங்குக் கல்லறை உள்ளேயே இருப்பது அதற்குச் சாட்சி. 1493இல் அது காசிமியே மசூதி ஆனது. சுவரோவியங்களும், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக்குகளும் சுண்ணாம்புப் பூச்சுக்குள் போயின. பலிபீடத்தின் அடியில் இருந்த நிலவறை மண் மூடி, இருக்கிறது என்பதே மறந்துபோனது.

ஆனால் வடமேற்கு மூலையில் இருந்த கல்லறை அறைக்குக் கிறிஸ்தவர்கள் வந்து வேண்டிக்கொள்ளத் தடை இருக்கவில்லை. 400 ஆண்டுகளுக்கு மேல் மசூதிக்குள் ஒரு மூலையில் மெழுகுவர்த்தி எரிந்தது. மதச் சண்டைகளை மட்டுமே தலைப்புச் செய்தியாகப் படித்துப் பழகிய நமக்கு இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

1912இல் ஒத்தோமானியத் தளபதி நகரத்தைக் கிரேக்கப் படையிடம் ஒப்படைத்தார். அன்றைய பழைய நாட்காட்டிப்படி அது அக்டோபர் 26, தெமேத்திரியு திருநாள். ஊரார் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நிற்பது பழைய கட்டடமா?

பாதிப் பழையது. 1917 ஆகஸ்டில் ஒரு வீட்டில் பற்றிய தீ, காற்றில் பரவி நகரின் நடுப்பகுதியையே தின்றது. 9,500 வீடுகள் போயின. 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பேராலயத்தின் கூரையும் கிழக்குப் பகுதியும் எரிந்தன. வெப்பத்தில் பளிங்குத் தூண்கள் வெடித்தன.

இழந்ததில் பெரியது மொசைக்குகள். பத்தே ஆண்டுகளுக்கு முன்பு, 1907இல் பழுதுபார்க்கும்போது சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, வடக்கு நீள்கூடத்தின் வளைவுகளுக்கு மேலே ஒரு மொசைக் வரிசை வெளிப்பட்டது. பிள்ளைகளைக் கையில் ஏந்திய பெற்றோர் புனிதரிடம் வரும் காட்சிகள் அதில் இருந்தன. பெரிய மன்னர்கள் யாரும் இல்லை. நேர்த்திக்கடன் செலுத்த வந்த சாதாரணக் குடும்பங்கள். 1909இல் டபிள்யூ. எஸ். ஜார்ஜ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் உட்கார்ந்து அவற்றை நீர்வண்ணத்தில் ஒன்றுவிடாமல் படியெடுத்தார். எட்டு ஆண்டுகளில் மூலம் சாம்பலானது. இன்று அந்த வரிசையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் தூரிகையால் வந்தது. பழைய சுவர் ஒன்று கண்ணில் பட்டால் படமெடுத்து வையுங்கள், வரைந்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

தீ ஒரு நன்மையும் செய்தது. இடிபாட்டை அகழ்ந்தபோது மறந்துபோன நிலவறை கிடைத்தது; அதற்குக் கீழே ரோமக் குளியல் கூடத்தின் சுவர்களும் வந்தன. நின்ற சுவர்களையும் தப்பிய தூண்களையும் வைத்துப் பல பத்தாண்டுகள் திரும்பக் கட்டி, 1949இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில், நகரின் மற்ற பைசாந்தியக் கட்டடங்களோடு இதுவும் இருக்கிறது.

தப்பிய மொசைக்குகளில் எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

பலிபீடத்துக்குப் பக்கத் தூணில், தெமேத்திரியு நடுவில் நின்று ஒரு பக்கம் பேராயரையும் மறுபக்கம் ஆளுநரையும் தோளில் கைபோட்டு அணைத்திருக்கும் மொசைக். 620 வாக்கில் எரிந்த தீக்குப் பின் கோயிலை மீட்டவர்கள் அவர்கள். 7ஆம் நூற்றாண்டு வேலை. உடல்கள் விறைப்பாக நிற்கின்றன, முகங்களோ அடையாளம் சொல்லக்கூடிய மனிதர்களின் முகங்கள். அப்புறம், இரண்டு சிறுவர்களோடு நிற்கும் தெமேத்திரியு. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பேரரசே திருவுருவங்களை அழித்த காலத்துக்கு முந்தைய மொசைக்குகள் உலகிலேயே குறைவு. அதனால் இவை ஒவ்வொன்றும் அரிது.

தென்கிழக்கு மூலையில் ஒட்டியிருக்கும் புனித யூத்திமியு சிற்றாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1303ஆம் ஆண்டுச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. பலர் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

வேறு எங்கெல்லாம் இவருக்குப் பழைய கோயில்கள் உண்டு?

கிரேக்கத்தின் தெற்கே மிஸ்த்ராஸில் 13ஆம் நூற்றாண்டுப் பேராலயம். 15ஆம் நூற்றாண்டில் மேலே குவிமாட அடுக்கு ஒன்றை ஏற்றினார்கள். அதில் பழைய சுவரோவியங்களின் தலைப்பகுதியே வெட்டுப்பட்டுப் போனது. தரையில் இருதலைக் கழுகு செதுக்கிய கல் ஒன்று உண்டு. கடைசி பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கொன்ஸ்தாந்தீன் 1449 ஜனவரி 6இல் அந்தக் கல்லில் நின்றுதான் முடிசூடினார் என்பார்கள்.

கொசோவோவில் பெச் குலபதி (செர்பியத் திருச்சபைத் தலைவர்) மடத்தின் கோயில் தொகுதியில் ஒன்று 1320களில் தெமேத்திரியுவுக்காகக் கட்டப்பட்டது. வட மாசிடோனியாவின் ஸ்கோப்பியே பக்கத்தில் மார்க்கோவின் மடமும் இவர் பெயரில்தான். ஏதென்ஸின் பிலோபாப்பு குன்றில் 'லும்பார்தியாரிஸ்', அதாவது பீரங்கிக்காரத் தெமேத்திரியு கோயில் சின்னதாக இருக்கிறது. திருநாளில் கூடும் மக்களோடு சேர்த்துக் கோயிலைச் சுட எதிரே அக்ரோபோலிஸில் ஒரு துருக்கித் தளபதி பீரங்கி வைத்திருந்தாராம். முந்தின இரவே இடி விழுந்து வெடிமருந்து வெடித்து அவரே போய்விட்டாராம்.

ஓவியத்தில் இவரையும் புனித ஜார்ஜியாரையும் எப்படிப் பிரித்தறிவது?

குதிரையைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை என்றால் ஜார்ஜியார், சிவப்புக் குதிரை என்றால் பெரும்பாலும் தெமேத்திரியு. ஜார்ஜியாரின் ஈட்டிக்குக் கீழே நாகம் இருக்கும். இவருடைய ஈட்டிக்குக் கீழே மனிதன் கிடப்பான்.

திருநாள் எப்போது? சில இடங்களில் நவம்பர் என்கிறார்களே?

அக்டோபர் 26. கிரேக்கம், பல்கேரியா, ருமேனியா எல்லாம் அன்றைக்கே கொண்டாடுகின்றன. ரஷ்ய, செர்பியத் திருச்சபைகள் பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு அது நம் கணக்கில் நவம்பர் 8.

கிரேக்கக் கிராமங்களில் ஆண்டையே இரண்டாகப் பிரிப்பது ஏப்ரலின் ஜார்ஜியார் திருநாளும் அக்டோபரின் தெமேத்திரியு திருநாளும்தான். ஆடு மேய்ப்பவர்கள் மலையிலிருந்து இறங்குவதும் கூலி ஒப்பந்தம் முடிவதும் தெமேத்திரியு நாளில்தான். புதுத் திராட்சை ரசப் பீப்பாயையும் அன்றுதான் திறப்பார்கள்.

நேரில் போகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

இது வழிபாடு நடக்கும் கோயில். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பவுலின் பாதையில் கிரேக்கம் போகும் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் பிலிப்பிக்கும் கொரிந்துக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, தெசலோனிக்காவைப் பேருந்தில் இருந்தே காட்டிவிடுகின்றன. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு முழுக் காலை நேரம் கேளுங்கள். கோயில் ரோமச் சந்தைத் திடலுக்கு மேல்புறம், புனிதரின் பெயரையே தாங்கிய தெருவில் இருக்கிறது, நடந்தே போகலாம். நிலவறை தனி நேரப்படி திறக்கும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் படம் எடுக்காமல் பின்வரிசையில் நின்று முடிந்தபின் சுற்றலாம். திருநாள் வாரத்தில் போனால் ஊர்வலம் பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் தூண் மொசைக்குகளுக்குப் பக்கத்தில் போவது கடினம்.